நான் கொடுத்த பெயர்

2012 செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, தெற்குக் கொல்கத்தாவில் ஒரு கேபிள் இணைய நிறுவனத்தின் மாடியறையில் உட்கார்ந்து, ஒரு முதியவரின் பெயரையும் வீட்டு முகவரியையும் வெள்ளைத் தாளில் எழுதி, முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்தேன். நீதிமன்ற ஆணை இல்லை. போலீஸ் கடிதம் இல்லை. அவர் கேட்டார், நான் கொடுத்தேன். அந்த முதியவர் ஒரு தப்பும் செய்யவில்லை என்பது அப்போதே எனக்குப் பாதி தெரியும். மீதிப் பாதி தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக அன்றிரவே வேறொரு காரியமும் செய்தேன். இரண்டையும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட.

அப்பா தென்கிழக்கு ரயில்வேயில் குமாஸ்தா. கார்டன் ரீச்சில் ஆபீஸ், லேக் மார்க்கெட் பக்கம் வாடகை வீடு. நான் பிறந்தது, படித்தது எல்லாம் கொல்கத்தாவில்தான். தெருவில் வங்காளி, வீட்டுக்குள் தமிழ். தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமானால் கோடை விடுமுறைக்குக் கும்பகோணம் போக வேண்டும். பின்னாளில் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் வருகிற யாராவது பையில் நாலு சி.டி. கொண்டு வருவார்கள், அது வீடு வீடாகச் சுற்றி, கீறல் விழுந்து, கடைசியில் பாதிப் படத்தில் நின்றுபோகும். அந்தப் பசியை இங்கே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என் தப்பு அங்கிருந்துதான் தொடங்கியது. அதைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ள இதை எழுதவில்லை.

2006-ல் அந்த நிறுவனத்தில் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்தேன். பேட்டைக்குப் பேட்டை கேபிள் டி.வி. கம்பி இழுத்தவர்களே இணையக் கம்பியும் இழுத்த காலம் அது. வெளியுலக இணையம் நத்தை போல ஊர்ந்து ஊர்ந்து வரும். ஆனால் நிறுவனத்தின் கம்பிகளுக்குள்ளேயே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு ஒரு முழுப் படம் சில நிமிஷங்களில் போய்விடும். அதனால் எங்களைப் போன்ற நிறுவனங்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சர்வரை வைத்து, அதில் படங்களையும் பாட்டுகளையும் அடுக்கி வைத்தார்கள். வாடிக்கையாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஒரு 'ஹப்'பும் இருந்தது. இதை எந்த விளம்பரத்திலும் போடவில்லை, ஆனால் புது இணைப்பு வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, "உங்க ஹப்ல என்னென்ன இருக்கு?" என்பதுதான்.

அந்த சர்வர் என் பொறுப்பு. அதில் 'தமிழ்' என்று ஒரு அடைவு இருந்தது; அது என் கையாலேயே வளர்ந்தது. ராத்திரி டியூட்டியில் டாரண்ட் வைத்து இறக்குவேன், காலையில் அடுக்குவேன். லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்குகிற மாமிகள் என்னை நிறுத்தி, "அந்தப் பழைய சிவாஜி படம் கிடைக்குமாடா?" என்று கேட்பார்கள். மறுநாள் கிடைக்கும். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. சொந்த ஊரை விட்டு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர்களுக்கு அவர்களுடைய மொழியைக் கொண்டு வந்து கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

டாரண்ட் என்பது வாங்குகிறபோதே கொடுக்கிற ஏற்பாடு. ஒரு பாட்டு என் சர்வருக்குள் இறங்கும்போதே, இறங்கிய துண்டுகள் உலகத்தில் கேட்கிற வேறு யாருக்கோ ஏறிக்கொண்டிருக்கும். நான் பார்க்கிறவன் மட்டும் இல்லை, பரப்புகிறவனும்கூட. சட்டத்தில் இந்த வேறுபாடு பெரியது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது. 2016-ல் முடக்கப்பட்ட தளங்களைத் திறந்தாலே மூன்றாண்டு சிறை என்று பயமுறுத்தும் அறிவிப்பு திரையில் வந்து ஊரே கலங்கியபோது, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நீதிபதி கௌதம் படேல், பார்ப்பது குற்றமில்லை, அனுமதியில்லாமல் பரப்புவதும் பொதுவில் காட்டுவதும் வாடகைக்கும் விற்பனைக்கும் விடுவதும்தான் குற்றம் என்று தெளிவுபடுத்தினார். அந்த அளவுகோலில் என் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தப்பித்துவிடுவார்கள். நான் தப்பிக்க மாட்டேன்.

தமிழ் அடைவைப் பற்றிச் சொன்ன நியாயம் மற்றவற்றுக்குப் பொருந்தாது. அதே சர்வரில் இந்தி இருந்தது, ஆங்கிலம் இருந்தது, எல்லாவற்றையும்விட அதிகமாக வங்காளிப் பாட்டு இருந்தது. வங்காளிப் பாட்டு கிடைக்காத ஊரா கொல்கத்தா? 1902-ல் கௌஹர் ஜானின் குரல் இசைத்தட்டில் ஏறிய ஊர் இது. தும்தும்மில் எச்.எம்.வி.யின் இசைத்தட்டுத் தொழிற்சாலை இருந்த ஊர். ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் புதுப் பாட்டுகள் வெளிவரும். ஒரு காலத்தில் ஹேமந்த முகர்ஜியும் சந்தியா முகர்ஜியும் மன்னா தேயும் அந்த வருஷத்துக்கு என்ன பாடியிருக்கிறார்கள் என்று ஊரே காத்திருக்கும். பாட்டு வரிகளை அச்சிட்டு எச்.எம்.வி. 'ஷாரத் அர்க்ய' என்று ஒரு சிறு புத்தகம் போடும். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த வங்காளி அம்மாள் அந்தப் புத்தகங்களை வருஷவாரியாகக் கட்டி வைத்திருந்தார். பார்க் ஸ்ட்ரீட் மூலையில் மியூசிக் வேர்ல்டு என்ற இசைக் கடை இருந்தது. நான் கல்லூரியில் படித்தபோது அங்கே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். 2013-ல் அது மூடப்பட்டபோது பத்திரிகைகள் எழுதின, பலர் வருந்தினார்கள், நானும் வருந்தினேன். ஆறு வருஷமாக ஒவ்வொரு பூஜைக்கும் முதல் நாளே புது ஆல்பங்களைச் சர்வரில் ஏற்றியவன் நான். அந்தக் கடையை நான் ஒருவனே மூடினேன் என்று சொல்லவில்லை. அந்தப் பாடகர்களில் ஒருவருக்காவது நான் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை என்பதைச் சொல்கிறேன்.

2012 ஜனவரி 27-ஆம் தேதி கல்கத்தா உயர் நீதிமன்றம் ஒரு ஆணை பிறப்பித்தது. சாகரிகா மியூசிக் உள்ளிட்ட இசை நிறுவனங்கள் தொடுத்த வழக்கு; நாட்டில் உள்ள 387 இணைய நிறுவனங்களும் சாங்ஸ் டாட் பிகே என்ற தளத்தை முடக்க வேண்டும். மார்ச் மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தளங்களின் பட்டியலோடு இன்னொரு ஆணை. எங்களுக்கும் பிரதி வந்தது. தளங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக ரவுட்டரில் தட்டச்சு செய்து முடக்கியவன் நான்தான். பகலில் முடக்கினேன், அதே தளங்களில் இருந்த அதே பாட்டுகளை ராத்திரியில் எங்கள் சர்வரில் ஏற்றினேன். ஒரு நாள்கூட என் கை தயங்கவில்லை. சாங்ஸ் டாட் பிகே பெயரை மாற்றிக்கொண்டு வேறு முகவரியில் வந்தது, மறுபடி முடக்கினோம், மறுபடி வந்தது.

அதே ஆண்டு தனுஷ் நடித்த '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் பெயர் தெரியாத எதிராளிகள் மீது ஒரு தடை ஆணை கொடுத்தது. 'கொலவெறி' பாட்டால் உலகமே எதிர்பார்த்த படம், தயாரிப்பாளர் பயந்ததில் தப்பில்லை. ஆனால் அந்த ஆணையைப் பிடித்துக்கொண்டு மே மாதத்தில் பெரிய நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் என்று முழுத் தளங்களையே மூடிவிட்டன. எங்களுக்கு வெளி இணையம் தருகிறவர்கள் மூடியதால் எங்களிடமும் மூடிக்கொண்டது. சின்னச் சின்ன ஆவணப்படம் எடுக்கிற பையன்கள், தங்கள் சொந்தப் படங்களையே பார்க்க முடியாமல் எங்கள் ஆபீசுக்கு போன் செய்து கத்தினார்கள். ஜூன் 22-ஆம் தேதிதான் குறிப்பிட்ட இணைப்புகளை மட்டும் முடக்கினால் போதும் என்று சென்னையில் திருத்தினார்கள். இடைப்பட்ட நாட்களில் போனில் கத்தியவர்களுக்கெல்லாம், வங்காளி வழக்கப்படி அண்ணனைக் குறிக்கும் 'தாதா' சேர்த்து, நான் ஒரே பதில்தான் சொன்னேன்: "கோர்ட் ஆர்டர் தாதா, எங்க கையில ஒண்ணும் இல்ல." அந்த வாக்கியம் எவ்வளவு வசதியானது என்று அப்போது பழகிக்கொண்டேன்.

அந்த ஏப்ரலில் நடந்த ஒன்றையும் நான் அறிவேன். யாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மஹாபாத்ரா, முதலமைச்சரைப் பற்றிய ஒரு கேலிப்படத்தைத் தன் குடியிருப்புச் சங்கத்தின் மின்னஞ்சலிலிருந்து சிலருக்கு அனுப்பினார் என்பதற்காக 12-ஆம் தேதி இரவு கைது செய்யப்பட்டார். சங்கத்தின் செயலாளரான முதியவரையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள். வழக்குக்கு ஆதாரமாக வைத்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இருந்தும் அவர் முழுவதுமாக விடுபட 2023 ஜனவரி ஆயிற்று. கிட்டத்தட்ட பதினோரு வருஷம். அவர் கைதான வாரம் எங்கள் ஆபீசில் டீ குடித்துக்கொண்டே இதைத்தான் பேசினோம். மின்னஞ்சல் எந்த இணைப்பிலிருந்து போனது, எந்த வீடு, எந்த மனிதர் என்று ஒருவர் விரல் நீட்டினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்துதான் ஐந்து மாதம் கழித்து நானே விரல் நீட்டினேன்.

அன்று வந்தவர் நன்றாக உடுத்தியிருந்தார். ஏதோ ஒரு இசை நிறுவனத்துக்காகத் திருட்டுப் பிரதிகளைக் கண்டுபிடிக்கும் வேலை என்றார். கையில் அச்சடித்த ஒரு தாள். பூஜைக்கு வரவிருந்த ஒரு புது ஆல்பத்தின் பெயர், எங்கள் நிறுவனத்தின் ஐ.பி. முகவரி ஒன்று, தேதி, இரவு 9.42 என்று நேரம். "இந்த நேரத்தில் இந்த முகவரியில் இருந்தவர் யார்?" என்று கேட்டார்.

சரியான பதில் எனக்கு உடனே தெரிந்தது. எங்களிடம் பொது ஐ.பி. முகவரிகள் குறைவு. ஒரே முகவரிக்குப் பின்னால் அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன. தெருமுனைத் தபால் பெட்டியில் போட்ட கடிதத்தைப் பார்த்து எந்த வீட்டுக்காரர் போட்டார் என்று கேட்பது மாதிரி அது. போர்ட் எண்ணும் நொடி வரைக்கும் சரியான நேரமும் இருந்தால்தான், அதுவும் லாக் ஒழுங்காக இருந்தால்தான், ஒரு வீட்டைச் சொல்ல முடியும். அவர் தாளில் போர்ட் எண் இல்லை. 'சொல்ல முடியாது சார்' என்பதுதான் உண்மை. அதற்கு மேலே, 'சொல்ல முடிந்தாலும் ஆணை இல்லாமல் சொல்ல மாட்டோம்' என்பதுதான் முறை. போலீசாக இருந்தால் அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவில் எழுத்துமூலம் கேட்க வேண்டும். தனியாராக இருந்தால் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஒப்பந்தத்தை மீறி, ஒருவருக்கு இழப்பு வரும் என்று தெரிந்தே அவருடைய தகவலை வெளியே கொடுப்பவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவு அன்றைக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம் வைத்திருந்தது. பாட்டைப் பரப்பினால் என்ன தண்டனையோ, பெயரைக் கொடுத்தாலும் உச்சம் அதே மூன்றாண்டு.

நான் ஏன் அதைச் சொல்லவில்லை? அந்த முகவரிக்குப் பின்னால் அறுபது வீடுகளோடு எங்கள் சர்வரும் இருந்தது.

முதலாளியைப் பார்த்தேன். அவரை எல்லாரும் தாதா என்போம். அவர் கண்ணாலேயே, ஏதாவது கொடுத்து அனுப்பிவிடு என்றார். வந்தவர் உட்கார்ந்து எங்கள் சர்வரைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் ஒரே பயம். வந்தவரை டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு தாதா கீழே போனார். நான் கணினியைத் திறந்தேன். யார் எவ்வளவு தரவு வெளியே அனுப்பினார்கள் என்று காட்டும் பட்டியல் ஒன்று எங்களிடம் உண்டு. அந்தத் தேதி, ஒன்பதரை முதல் பத்து மணி வரை போட்டேன்.

முதல் வரியில் எங்கள் சர்வர். இரண்டாம் வரியில் டாக்குரியாவில் ஒரு வீடு.

முதல் வரியைத் தாண்டி என் கண் இரண்டாம் வரிக்குப் போன அந்தக் கணம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அது தடுமாற்றம் இல்லை, அவசரம் இல்லை. நிதானமாகத் தாண்டினேன். மூன்றாம் வரி வெகு கீழே இருந்தது. இந்த வீட்டிலிருந்து தினமும் அதே நேரத்தில் நிறைய வெளியே போகிறதே, பரப்புகிறவராகத்தான் இருப்பார் என்று எனக்கு நானே ஒரு கதை சொன்னேன். அலமாரியிலிருந்து அவருடைய இணைப்புப் படிவத்தை எடுத்தேன். புகைப்படம், அதன் மேல் குறுக்காகப் போட்ட கையெழுத்து, வாக்காளர் அட்டை நகல். படிவத்தின் பின்பக்கம் தேதியையும் ஐ.பி. முகவரியையும் குறித்தேன். பெயரையும் முகவரியையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதவில்லை. அந்த ஜாக்கிரதை மட்டும் எனக்கு இருந்தது.

அன்றிரவு சர்வரில் டாரண்ட் மென்பொருளை நீக்கினேன். அந்த மாத அடைவுகளையும், எது ஏறியது எது இறங்கியது என்ற குறிப்புகளையும் அழித்தேன். அந்த ஆல்பம் அதில் இருந்ததா என்று பார்க்காமலே அழித்தேன். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ரவுட்டரின் லாக்குகளை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. அந்த ஒரு வருஷத்திலும் நான் அதைத் திறக்கவில்லை. பிறகு அதுவும் போய்விட்டது.

இந்த மாதிரி பெயர் கேட்டு அமெரிக்காவில் நடந்த வழக்குகளைப் பற்றி முன்பே படித்திருந்தேன். அங்கே இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 2003 செப்டம்பரில் தனிமனிதர்கள் மீது வழக்குப் போடத் தொடங்கியது. முதல் வாரத்திலேயே 12 வயதுச் சிறுமி ஒருத்தி சிக்கினாள். அவள் தாய் 2,000 டாலர் கட்டி முடித்துக்கொண்டார். 2005-ல், இறந்துபோன 83 வயது மூதாட்டி ஒருவர் மீதே வழக்குப் போட்டார்கள். வாடிக்கையாளர் பெயரைக் கொடு என்று வெரைசன் நிறுவனத்தைக் கேட்டபோது அந்த நிறுவனம் மறுத்தது, கீழ் நீதிமன்றத்தில் தோற்றது, மேல்முறையீட்டுக்குப் போனது. 2003 டிசம்பரில், நீதிபதி பார்க்காத ஒரு அழைப்பாணையை வைத்துக்கொண்டு இப்படிப் பெயர் வாங்க முடியாது என்று தீர்ப்பு வாங்கியது. முகம் தெரியாத ஒரு வாடிக்கையாளருக்காக அத்தனை தூரம். நான் டாக்குரியாவுக்கு எத்தனையோ தடவை சைக்கிளில் போயிருக்கிறேன், அந்த வீட்டின் பச்சைக் கதவு எனக்குத் தெரியும். வந்தவரிடம் ஒரு அடையாள அட்டையைக் காட்டுங்கள் என்றுகூட நான் கேட்கவில்லை.

பூஜை முடிந்தது. நவம்பர் முதல் வாரத்தில் அந்த வீட்டிலிருந்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. மோடத்தைத் திரும்ப வாங்க லைன்மேன் போக வேண்டும். நான் போகிறேன் என்றேன். ஏன் போனேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க இல்லை. என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். என் பெயர் வெளியே வந்ததா என்று தெரிந்துகொள்ள.

விஜயா தசமியிலிருந்து காளி பூஜை வரைக்கும் வங்காளத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் பெரியவர்கள் காலைத் தொட்டு வணங்க வேண்டும். அவர்கள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து, இனிப்பு கொடுப்பார்கள். அவர் கதவைத் திறந்ததும் நானும் பழக்கத்தில் குனிந்துவிட்டேன். பாதி குனிந்த பிறகுதான் யார் காலைத் தொடுகிறேன் என்று உறைத்தது. அவர் என் தலையில் கை வைத்தார். "நல்லா இரு பாபா" என்றார்.

சிவப்பு சிமெண்டுத் தரை. மூலையில் துணி போட்டு மூடிய ஹார்மோனியம். மேஜை மேல் கணினி, அதற்கும் ஒரு பூப்போட்ட உறை. மனைவி இறந்து நாலு வருஷம் ஆகிறது என்றார். தட்டில் நாரு என்கிற தேங்காய் உருண்டை இரண்டு வைத்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டில் செய்து கொடுத்ததாம்.

"மகள் மான்செஸ்டர்ல இருக்கா. பேத்திக்கு ஏழு வயசு. அவ ஸ்கூல் விட்டு வரும்போது இங்க ராத்திரி ஒன்பதரை. தினமும் ஸ்கைப்ல கூப்பிடுவேன். ஹார்மோனியத்தைக் கம்ப்யூட்டர் முன்னாடி இழுத்து வச்சிட்டு அரை மணி நேரம் ரவீந்திர சங்கீதம் சொல்லிக்கொடுப்பேன். நாலு பாட்டு பாடுவா. உச்சரிப்பு இன்னும் சரியா வரல."

தினமும் ஒன்பதரை முதல் பத்து வரை அந்த வீட்டிலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது அவர் முகமும் அவர் குரலும்தான். வீடியோ அழைப்பும் டாரண்ட் பரப்புவதும் எங்கள் பட்டியலில் ஒரே மாதிரி கோடு. ரவீந்திர சங்கீதத்தை இயற்றிய தாகூர் 1941-ல் காலமானார். அவருடைய பாட்டுகளின் உரிமை 1991-ல் முடிய வேண்டியது, உரிமையை வைத்திருந்த விஸ்வபாரதிப் பல்கலைக்கழகத்துக்காகச் சட்டத்தையே திருத்திப் பத்தாண்டு நீட்டி, 2001 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு அவை, எங்கள் பாரதி பாட்டுகளைப் போலவே, எல்லாருக்கும் சொந்தம். பாரதியின் உரிமையை அரசு 1949-ல் வாங்கிப் பிறகு மக்களுக்கே விட்டது. ஊரில் யாருக்கும் தடையில்லாத பாட்டைத் தன் பேத்திக்குச் சொல்லிக்கொடுத்த மனிதரைத்தான் பாட்டுத் திருடன் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

இரண்டு பேர் வந்தார்களாம். ஒரு கடிதத்தைக் காட்டினார்களாம். மூன்று வருஷம் ஜெயில் என்று சொன்னார்களாம். பேசி முடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்களாம். தபால் ஆபீசில் போட்டிருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு தொகை என் தலையில் நின்றிருக்கும். அதைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வியும் வந்திருக்கும்.

"மகளுக்குச் சொல்லல. பேத்திகிட்ட லைன் கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்கேன். இனிமே அந்த மெஷினை நான் தொட மாட்டேன். எதைத் தொட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியல பாபா."

பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "முப்பத்திரண்டு வருஷம் ஜி.பி.ஓ.ல இருந்தேன். இந்த ஊர்க் கடுதாசி எல்லாம் என் கை வழியாத்தான் போச்சு. யாருக்கு எங்கேருந்து கடுதாசி வருதுன்னு என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொன்னதில்ல. எங்களுக்கு முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்க." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என் விலாசம் உங்க கம்பெனிகிட்ட மட்டும்தானே இருந்தது? அவங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு மனிதனுக்கு வாய்க்காது. நான்தான் கொடுத்தேன் என்று சொல்ல இரண்டு சொல் போதும்.

"கோர்ட் ஆர்டர் காக்கு," என்றேன். "எங்க கையில ஒண்ணும் இல்ல."

அவர் தலையசைத்தார். "அதுவும் சரிதான். கோர்ட் சொன்னா கொடுத்துத்தானே ஆகணும்," என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார். இன்னொரு நாரு எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் எடுத்துச் சாப்பிட்டேன். மோடத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பெயரைக் கொடுத்தது பயத்தில் செய்தது என்று ஒருவேளை யாராவது இரக்கப்படலாம். அந்த வீட்டில் சொன்ன பொய்யை என்னால் எதிலும் சேர்க்க முடியவில்லை. அங்கே எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. அவர் என்னை ஒன்றும் செய்திருக்க மாட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் வந்தவர்கள் மீது புகார் கொடுத்திருக்கலாம். குறைந்தபட்சம், தான் தொட்டதால்தான் இது நடந்தது என்ற எண்ணமாவது அவருக்குப் போயிருக்கும். கணினியை மறுபடி திறந்திருப்பார்.

சர்வர் இரண்டு மாதத்தில் பழையபடி நிறைந்தது. நிரப்பியது நான்தான். அதையும் சொல்ல வேண்டும். 2014-ல் நான் வேறு வேலைக்குப் போனேன். 2017 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, பேப்பரில் அந்தச் செய்தியை முழுவதும் படிக்காமல் மடித்து வைத்தேன். இப்போது இணைய நிறுவனங்கள் லாக்குகளை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று விதி மாறியிருக்கிறது. தனிநபர் தரவுக்கென்று 2023-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. இசைக்கும் வழி பிறந்திருக்கிறது. மாதம் ஏதோ கட்டினால் தமிழோ வங்காளியோ எல்லாப் பாட்டும் போனிலேயே கேட்கிறது, நானும் கட்டிக் கேட்கிறேன். ஆனால் ஒரு பட்டியலைத் திறந்து, முதல் வரியைத் தாண்டி இரண்டாம் வரியை வாசிப்பதற்கு அன்றைக்கு எனக்கு இருந்த வசதி இன்று அந்த நாற்காலியில் இருக்கிற பையனுக்கும் இருக்கிறது. அந்த அறையில் அவன் தனியாகத்தான் இருப்பான்.

டாக்குரியாவில் அந்தப் பச்சைக் கதவு வீடு இப்போது இல்லை. புரமோட்டர் வாங்கி இடித்து, நாலு மாடி அடுக்ககம் கட்டிவிட்டார். முதியவர் மகளோடு போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார், அதற்கு முன்பே காலமாகிவிட்டார் என்று இன்னொருவர் சொன்னார். இருவரிடமும் மேற்கொண்டு நான் விசாரிக்கவில்லை.

வேலையை விட்டபோது அவருடைய படிவத்தை அலமாரியிலிருந்து எடுத்து வந்துவிட்டேன். வேறு யாரும் அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக என்று நினைத்துக்கொண்டேன். பின்பக்கத்தில் என் கையெழுத்தில் அந்தத் தேதி இருக்கிறதே, அதற்காகத்தான் எடுத்தேன். அப்பாவின் ரயில்வே காகிதங்களோடு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. புகைப்படத்தில் அவர் கண்ணாடி போட்டிருக்கிறார், கொஞ்சம் விறைப்பாக. கீழே, வேறு தொடர்பு எண் என்ற இடத்தில், நாற்பத்து நாலில் தொடங்கும் மகளின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக, தபால்காரர்களுக்கே உரிய சுத்தமான எழுத்தில் எழுதியிருக்கிறார்.

அந்த எண்ணைப் பலமுறை போனில் அடித்திருக்கிறேன். அழைத்ததில்லை. பேத்திக்கு இப்போது இருபது வயது தாண்டியிருக்கும். தாத்தா ஒரு நாள் பாடுவதை ஏன் நிறுத்தினார் என்று கேட்டால், லைன் கெட்டுப்போச்சு என்பதுதான் அவளுக்குத் தெரிந்த பதில். லைன் கெடவில்லை என்று அவளிடம் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான்.